எரிநட்சத்திரம் உண்மையிலேயே எரியுதா? மொட்டைமாடியிலிருந்து சில கேள்விகள்

கரிசல்காட்டுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்துல ஒரு கிராமம் எங்களோடது. டிசம்பர் 14 விடியக்காலைல ஜெமினிட் எரிநட்சத்திரங்கள் நிறைய விழும்னு எங்கேயோ படிச்சுட்டு, ஏழாம் வகுப்பு படிக்கிற என் மகனையும் கூட்டிக்கிட்டு மொட்டைமாடில பாயை விரிச்சுப் படுத்தோம். ரெண்டு நாளா பெய்த மழை விட்டு வானம் கழுவிவிட்டாப்ல இருந்துச்சு. ஊருக்கு வெளியில வீடு, தெருவிளக்கும் தூரம்தான்.

பார்த்ததை அப்படியே சொல்றேன். பெரும்பாலானது வெள்ளையா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிருச்சு. ஒண்ணு மட்டும் நல்ல பச்சை நிறம். கடைசில பளிச்சுனு ஒரு வெட்டு வெட்டி, பின்னாடி புகைக் கோடு மாதிரி ஒண்ணை விட்டுட்டுப் போச்சு. அந்தக் கோடு கொஞ்ச நேரம் நின்னு மெல்ல வளைஞ்சு கலைஞ்சது. இன்னொண்ணு மஞ்சள். தெற்கே அடிவானத்துல இருந்து மேல ஏறி வந்துச்சு, ரொம்ப மெதுவா. மூணு விநாடி இருக்கும். வேறொண்ணு மேற்கே எங்க கண்மாய்க்குப் பின்னாடி விழுந்த மாதிரியே இருந்துச்சு. விடிஞ்சதும் போய்த் தேடலாம்னு மகன் ஒத்தக்கால்ல நிக்கிறான்.

அவன் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. பாடத்துல "காற்றுடன் உராய்ந்து எரிகிறது"ன்னு இருக்காம். "அம்மா, நூறு கிலோமீட்டர் உயரத்துல காத்தே இல்லைன்னு வேற பாடத்துல சொல்றாங்களே, காத்து இல்லாத இடத்துல எதோட உராயுது? ஆக்சிஜன் இல்லாம எப்படி எரியும்?"னு கேட்டான். சரியாத்தானே கேட்கிறான்? இத்தனை வெளிச்சம் வந்தும் சத்தமே வரலையே, அது ஏன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

இரண்டாமாண்டு மெக்கானிக்கல் எழுதியது:

உராய்வுதான் அக்கா. ராக்கெட் திரும்பி வரும்போது சூடாகுதுல்ல, அதே கதை. வேகமா வர்றதால காத்தோட தேய்ஞ்சு தீப்பிடிக்குது. கல் சின்னதுங்கிறதால முழுசா எரிஞ்சுபோயிடும்.

---

ஆன்டெனா அண்ணாச்சி எழுதியது:

தங்கச்சி, உங்க மகன் கேட்ட கேள்விக்கு ஒரு வரில பதில் சொல்லி அனுப்பக் கூடாது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துப் படிங்க.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் டிவி ரிப்பேர் கடை வச்சிருக்கேன். அமெச்சூர் வானொலி உரிமமும் உண்டு. எரிநட்சத்திரத்தை நான் கண்ணால பார்த்ததைவிடக் காதால கேட்டதுதான் அதிகம். அதைப் பின்னாடி சொல்றேன்.

முதல்ல எரியுற விஷயம். அங்கே எதுவும் எரியல. எரியுறதுன்னா ஆக்சிஜனோட சேர்ற வேதிவினை. நீங்க பார்த்த வெளிச்சத்துக்கு அது தேவையே இல்லை. தேவைப்பட்டது வேகம் மட்டும்தான். ஜெமினிட் துகள் விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்துல நம்ம காற்றுக்குள்ள நுழையுது. கோவில்பட்டில கிளம்பினா மூணு விநாடில மதுரை.

இந்த வேகத்துல ஒரே ஒரு கிராம் எடையுள்ள துகளை எடுத்துக்குங்க, ஒரு பட்டாணி அளவு இருக்கும். அதுக்குள்ள இருக்கிற இயக்க ஆற்றல் 6 லட்சம் ஜூலுக்கு மேல. அதே எடை டிஎன்டி வெடிமருந்து வெடிச்சா வர்றதுபோல 140 மடங்குக்கும் அதிகம். 100 வாட் குண்டு பல்பை ஒண்ணே முக்கால் மணி நேரம் எரியவைக்கலாம். அவ்வளவும் ஒரு விநாடிக்குள்ள வெளிய வருது. அதுல கண்ணுக்குத் தெரியுற ஒளியா மாறுறது சின்னப் பங்குதான், மீதி வெப்பமாவும் மத்த வழிலயும் போயிடும். அந்தச் சின்னப் பங்கே 100 கிலோமீட்டருக்கு அப்பால இருந்து உங்க மாடி வரைக்கும் தெரியுது. சாதாரணமா தெரியுற கீற்று மணல் பருக்கையில இருந்து பட்டாணி வரைக்கும் இருக்கிற துகள்தான். தம்பிக்கிட்ட இதை முதல்ல சொல்லுங்க.

அடுத்தது, காத்து இல்லாத இடம்கிற பேச்சு. 100 கிலோமீட்டர் உயரத்துல காற்றோட அடர்த்தி தரையில இருக்கிறதுல பத்து லட்சத்துல ஒரு பங்குகூட இல்லை. தரையில ஒரு காற்று மூலக்கூறு இன்னொண்ணு மேல மோதாம போற தூரம் கண்ணுக்கே தெரியாத அளவு. அந்த உயரத்துலயோ பத்துப் பதினைஞ்சு சென்டிமீட்டர் போகும். நம்ம பட்டாணியோ அதைவிட ரொம்பச் சின்னது. அதனால காற்றுங்கிற ஒரு திரவம் அதை உரசிக்கிட்டு ஓடுறது கிடையாது. மூலக்கூறுகள் தனித்தனியா வந்து அடிக்குது.

ஒவ்வொரு அடியும் எப்பேர்ப்பட்ட அடின்னு பாருங்க. 35 கி.மீ. வேகத்துல மோதுற ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு ஏறக்குறைய 180 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். பாறைக்குள்ள அணுவையும் அணுவையும் பிடிச்சு வச்சிருக்கிற பிணைப்பு சில எலக்ட்ரான் வோல்ட்தான். அடி விழ விழ மேற்பரப்பு சூடேறி, உருகி, அணு அணுவா ஆவியாகிக் கழண்டு போகுது. கழண்ட அணுவும் அதே 35 கி.மீ. வேகத்துலதான் பறக்குது. அது போய்க் காற்று மூலக்கூறுகள் மேல மோதுது. அந்த மோதல்ல அணுக்களோட எலக்ட்ரான்கள் மேல்நிலைக்கு ஏறி, திரும்ப இறங்கும்போது ஒளியை விடுது. நீங்க பார்த்தது அந்த ஒளி. கல்லை நீங்க பார்க்கவே இல்லை. கல்லைச் சுத்தி, பின்னாடி நீளமா, ஒளிவிடுற ஆவியைத்தான் பார்த்தீங்க. பட்டாணியை 100 கிலோமீட்டர்ல இருந்து யாரால பார்க்க முடியும்?

மெக்கானிக்கல் தம்பி சொன்ன ராக்கெட் கதை பெரிய உடலுக்குப் பொருந்தும், ஆனா அங்கேயும் முக்கியமான வேலையைச் செய்றது உராய்வு இல்லை. பெரிய கல் அடர்த்தியான காற்றுக்கு இறங்கி வரும்போது முன்னாடி இருக்கிற காற்றுக்கு விலகி ஓட நேரம் கிடைக்காது. அப்படியே அமுங்குது. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்ப்போட அடிப்பக்கம் சுடுமே, காற்றை அமுக்கினா வர்ற அந்தச் சூடுதான் இது. அமுங்கின காற்று ஆயிரக்கணக்கான டிகிரிக்குப் போய்க் கல்லை உருக்குது.

நிறத்துக்கு வாங்க. எந்த அணு ஒளிவிடுதோ அதைப் பொறுத்து நிறம் மாறும். மக்னீசியம் நீலப்பச்சை. சோடியம் ஆரஞ்சு கலந்த மஞ்சள், பழைய மஞ்சள் தெருவிளக்குல வர்றது அதே சோடியம்தான். இரும்புக்கு மஞ்சள்ல இருந்து நீலம் வரைக்கும் நிறைய கோடுகள் உண்டு. கால்சியம் ஊதா. காற்றோட நைட்ரஜனும் ஆக்சிஜனும் சிவப்பைச் சேர்க்கும். உங்க பச்சைக்குப் பெரும்பாலும் மக்னீசியம்தான் காரணமா இருக்கும். ஜெமினிட்ல சோடியம் குறைவா இருக்கிறது வழக்கம், அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. இந்தத் துகள்களோட தாய் பேத்தான்னு ஒரு சிறுகோள், 1983-ல ஐராஸ் செயற்கைக்கோள் மூலமா கண்டுபிடிச்சாங்க. மத்த எரிநட்சத்திரப் பொழிவுகள்ல பெரும்பாலானதுக்கு வால்நட்சத்திரம்தான் தாய், இதுக்குப் பாறை. ஒன்றரை வருஷத்துக்கும் குறைவான காலத்துல சூரியனைச் சுத்திடும். சூரியனுக்கு ஏறக்குறைய 2 கோடி கிலோமீட்டர் பக்கத்துல போயிட்டு வரும், புதன் கிரகத்தைவிட ரொம்ப நெருக்கம். அந்த வேக்காட்டுல சீக்கிரம் ஆவியாகுற சோடியம் ஓடிப்போயிடுது.

அப்ப உங்க மஞ்சள் எங்கேயிருந்து வந்துச்சு? தெற்கு அடிவானத்துல இருந்து மேல ஏறுச்சுன்னு சொல்றீங்க. ஜெமினிட்னா அதோட பாதையைப் பின்னோக்கி நீட்டினா புனர்பூசத்தோட ரெண்டு நட்சத்திரத்துக்குப் பக்கத்துல போய்ச் சேரணும். அந்த நேரத்துல புனர்பூசம் உங்க தலைக்கு மேல, கொஞ்சம் வடக்கே இருந்திருக்கும். அங்கேயிருந்து கிளம்புறது தெற்கே போனா கீழதான் இறங்கும், ஏறாது. ஆக, நீங்க பார்த்தது தனியா அலைஞ்சுக்கிட்டிருந்த ஒரு துகள். பூமிக்குப் பின்னாடியிருந்தோ பக்கவாட்டுல இருந்தோ வந்தா வேகம் குறைவாத்தான் இருக்கும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம்னு நீடிச்சு, துண்டு துண்டாப் பிரிஞ்சு போயிருந்தா பழைய செயற்கைக்கோள் விழுந்துருக்குன்னு சொல்லலாம். அதோட வேகம் 8 கி.மீ.தான். உங்களோடது அது இல்லை.

கண்மாய்க்குப் பின்னாடி தேட வேண்டாம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினா அது வானத்துல 10 டிகிரி. கடைசியா அணைஞ்ச இடம் அடிவானத்துல இருந்து எத்தனை முஷ்டி உயரம்னு சொல்லுங்க, எங்கே நடந்துச்சுன்னு சொல்றேன்.

---

கரிசல்காட்டுக்காரி எழுதியது:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. ராத்திரியே மகனுக்கு வாசிச்சுக் காட்டினேன். 180 எலக்ட்ரான் வோல்ட் வந்த இடத்துல எழுந்து உட்கார்ந்துட்டான். நோட்டுல எழுதி வச்சிருக்கான், டீச்சர்கிட்ட கேட்கப் போறானாம்.

முஷ்டி வச்சுப் பார்த்தோம். கண்மாய்க்கரைப் பனைமரத்துக்கு மேல, சரியா மூணு முஷ்டி. சத்தத்தைப் பத்தியும் சொல்லுங்க. காதால கேட்பேன்னு சொன்னீங்களே, அது என்ன? சத்தமே வராதுன்னா எப்படிக் கேட்கிறீங்க?

---

புறப்பாட்டு எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த உரையாடலைப் படிக்கும்போது புறநானூற்றின் 229-ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. பாடியவர் கூடலூர் கிழார். பங்குனி மாதத்து நள்ளிரவில் வானத்தில் ஒரு மீன் விழுகிறது. அப்போது எந்த நாள்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, எது மறைந்தது என்று வரிசையாகக் குறித்துவைக்கிறார். அதன் பிறகு அந்தக் காட்சியைச் சொல்கிறார்: "கனையெரி பரப்பக் காலெதிர்பு பொங்கி, ஒருமீன் விழுந்தன்றால் விசும்பினானே." காற்று எதிர்த்து மோத, பெருந்தீ பரவ, கிளர்ந்து விழுந்தது என்கிறார். சேர மன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு வருமோ என்று புலவர்கள் அஞ்சுகிறார்கள். ஏழாம் நாள் அவன் இறந்துவிட்டான் என்று பாடல் போகிறது.

தீக்குறி என்ற நம்பிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நேரம், மாதம், பின்னணி நட்சத்திரங்கள், ஒளி பரவிய விதம் என்று ஒருவர் கண்ணால் கண்டதைக் குறித்துவைத்த பதிவாகவே எனக்குத் தோன்றுகிறது. குறிப்பாக "காலெதிர்பு". காற்று எதிர்த்து நிற்பதால்தான் அந்தத் தீ என்பதை அவர் கவனித்திருக்கிறார்.

---

ஆன்டெனா அண்ணாச்சி எழுதியது:

புறப்பாட்டு ஐயா, அந்த வரி எனக்குப் புதுசு. அடர்த்தியான காற்று வரைக்கும் இறங்கி வந்த பெரிய தீக்கோளமா இருந்திருக்கணும், சின்னத் துகள் அப்படிப் பொங்காது. நட்சத்திரங்களைக் குறிச்சு வச்சாரே, அதுதான் பெரிய வேலை. நாமும் அதைச் செய்யணும், கடைசில வர்றேன்.

தங்கச்சி, மூணு முஷ்டின்னா 30 டிகிரி. எரிநட்சத்திரம் 100 கிலோமீட்டர் உயரத்துல ஒளிவிடத் தொடங்கி, 80-க்குப் பக்கத்துல அணையும். 30 டிகிரி கோணத்துல 80 முதல் 100 கி.மீ. உயரம்னா உங்க மாடில இருந்து நேர்கோட்டுல 160 முதல் 200 கிலோமீட்டர். மேற்கே அவ்வளவு தூரம் போனா மலையைத் தாண்டி, கேரளத்தையும் தாண்டி, கொல்லம் கடற்கரைக்கு மேல வந்துருவோம். கண்மாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. துகளும் முழுசா ஆவியாயிருச்சு.

சத்தம் வராததுக்கும் இந்தத் தூரமும் உயரமும்தான் காரணம். அந்த மெல்லிய காற்றுல ஒரு பட்டாணி எழுப்புற அதிர்வு தரை வரைக்கும் வந்து சேராது. பெரிய கல் நல்லா கீழ இறங்கினா மட்டும்தான் வெடிச்சத்தம் கேட்கும், அதுவும் ஒளி வந்து நிமிஷக் கணக்குல கழிச்சு. 2013 பிப்ரவரி 15 காலைல ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேல நடந்தது அதுதான். ஏறக்குறைய 20 மீட்டர் குறுக்களவு, விநாடிக்கு 19 கி.மீ. வேகம், 30 கி.மீ. உயரத்துல சிதறுச்சு. சூரியனைவிடப் பிரகாசமா ஒரு வெளிச்சம் வந்ததும் என்னான்னு பார்க்க ஜனங்க ஜன்னலுக்கு ஓடினாங்க. ரெண்டு நிமிஷத்துக்கு மேல எதுவும் நடக்கல. அப்புறம்தான் அதிர்வலை வந்து சேர்ந்து கண்ணாடியையெல்லாம் நொறுக்குச்சு. ஏறக்குறைய 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லு குத்தி. தம்பிக்கு இதை மனப்பாடமாவே சொல்லிக்கொடுங்க: வானத்துல பகல் மாதிரி வெளிச்சம் அடிச்சா ஜன்னல்கிட்ட போகக் கூடாது.

இப்ப நான் கேட்கிற சத்தம். துகள்ல இருந்து கழண்ட அணுக்கள் மோதும்போது ஒளி மட்டும் வரல, எலக்ட்ரான்களும் பிய்ஞ்சு வெளிய வருது. அதனால 80-100 கி.மீ. உயரத்துல நீளமா, மெல்லிசா ஒரு மின்னூட்டத் தடம் கொஞ்ச நேரம் நிக்கும். எஃப்எம் வானொலி அலை அந்தத் தடத்துல பட்டுத் திரும்பும். வழக்கமா எஃப்எம் அலை அடிவானத்தைத் தாண்டிப் பெருசா போகாது. ஆனா தடம் கிடைச்ச அந்தக் கணத்துல 1,000, 1,500 கிலோமீட்டருக்கு அப்பால இருக்கிற நிலையம்கூட உங்க ரேடியோவுல வந்து விழும். வெறும் இரைச்சல் ஓடிக்கிட்டிருக்கிற இடத்துல திடீர்னு தெரியாத மொழில ஒரு சொல், இல்ல பாட்டுல ஒரு துணுக்கு, உடனே மறுபடி இரைச்சல். பெரும்பாலும் ஒரு விநாடிகூட இருக்காது. பிரகாசமானதுக்குப் பல விநாடி நீடிக்கும். மேகம் மூடியிருந்தாலும் கேட்கும், பட்டப்பகல்லயும் கேட்கும். பகல்ல மட்டும் வர்ற எரிநட்சத்திரப் பொழிவுகள் இருக்குன்னே 1947-ல இங்கிலாந்துல ஜோட்ரல் பேங்க்ல ராடார் வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. நம்ம பக்கத்துல திருப்பதிக்கு அருகில காதங்கில இருக்கிற பெரிய ராடாரும் 53 மெகாஹெர்ட்ஸ்ல இந்தத் தடங்களைப் பார்க்குது. காற்று தடத்தை எந்தப் பக்கம் தள்ளுதுன்னு அளந்தா அந்த உயரத்துக் காற்றோட வேகம் தெரிஞ்சிடும். பலூனும் போகாத, விமானமும் போகாத உயரம் அது. உங்க புகைக் கோடு வளைஞ்சதும் அதே காற்றாலதான். அது புகை இல்லை. விட்டுப்போன இரும்பு அணுக்கள் அங்கே இருக்கிற ஓசோனோட வினைபுரிஞ்சு மங்கலா ஒளிவிடுறது.

இன்னொண்ணு சொன்னா நம்பமாட்டீங்க. அமெரிக்காவோட மேற்கு மலைகள்ல பனி எவ்வளவு விழுந்துருக்குன்னு அளக்கிற தானியங்கிக் கருவிகள் பல வருஷமா தங்களோட கணக்கை எரிநட்சத்திரத் தடம் வழியாத்தான் அனுப்பிக்கிட்டிருந்துச்சு. ஒரு தடம் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கும், கிடைச்சதும் அரை விநாடிக்குள்ள செய்தியை அனுப்பிடும். தடத்துக்கு என்னைக்கும் பஞ்சமில்லை, ஒரு நாளைக்குப் பல பத்து டன் தூசி பூமில விழுது. அதுல இருந்து உதிர்ந்த சோடியம் 90 கி.மீ. உயரத்துல ஒரு படலமாவே தங்கியிருக்கு. பெரிய தொலைநோக்கிக்காரங்க மஞ்சள் லேசரை அது மேல அடிச்சு அங்கே ஒரு செயற்கை நட்சத்திரத்தை உண்டாக்கி, காற்றோட நடுக்கத்தைச் சரிபண்ணிக்கிறாங்க.

நீங்களே கேட்டுப் பார்க்கணும்னா கார் ரேடியோ போதும், மொபைல் செயலி ஆகாது. அது இணையத்துல வர்றது. உங்க ஊர்ல கொடை எஃப்எம், தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரைன்னு நிறைய வரும், காத்து சாதகமா இருந்தா இலங்கையும் வரும். அதையெல்லாம் விட்டுட்டு சுத்தமா இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு இடத்துல நிறுத்தி, விடியக்காலைல சத்தத்தைக் கூட்டி வையுங்க. விடியக்காலை ஏன்னா, நடுராத்திரிக்கு மேலதான் நாம பூமி ஓடுற திசையோட முன்பக்கத்துக்கு வர்றோம். பூமி விநாடிக்கு 30 கி.மீ. ஓடுது, எதிரே வர்றதெல்லாம் முகத்துல வந்து விழும்.

கடைசியா ஒரு யோசனை. 1798-ல ஜெர்மனில கோட்டிங்கன்ல பிராண்டெஸ், பென்சன்பெர்க்னு ரெண்டு மாணவர்கள் சில கிலோமீட்டர் தள்ளித்தள்ளி உட்கார்ந்து, ஒரே எரிநட்சத்திரத்தை ரெண்டு பேரும் நட்சத்திரங்களோட பின்னணில குறிச்சு, கணக்குப் போட்டு உயரத்தை அளந்தாங்க. எரிநட்சத்திரம் மேகத்துக்குப் பக்கத்துல நடக்கிற சமாச்சாரம் இல்லைன்னு அப்பத்தான் உலகத்துக்குத் தெரிஞ்சது. உங்களுக்கும் எனக்கும் நடுவுல தெற்கு வடக்கா நேர்கோட்டுல 50 கிலோமீட்டர் இருக்கு. தம்பியும் நானும் அதைச் செய்யலாமா?

---

கரிசல்காட்டுக்காரி எழுதியது:

மகன் பக்கத்துலதான் நிக்கிறான் அண்ணாச்சி. "எப்போ, எந்தத் திசை, என்ன வேணும்"னு கேட்கச் சொல்றான். என் போன்ல நைட் மோடு இருக்கு.

---

ஆன்டெனா அண்ணாச்சி எழுதியது:

மே 5, 6 தேதிகள்ல விடியக்காலை நாலுல இருந்து அஞ்சு வரைக்கும். ஹாலி வால்நட்சத்திரம் உதிர்த்த தூசி அப்போ விழும், விநாடிக்கு 66 கி.மீ. வேகம், தடம் நல்லா நிக்கும். வடநாட்டைவிட நமக்குத்தான் அது நல்லாத் தெரியும். கோடை மழை மேகம் இல்லாம இருக்கணும், அவ்வளவுதான்.

நாம ரெண்டு பேரும் கிழக்கே பார்க்கணும். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து நாலு நட்சத்திரத்துல ஒரு பெரிய சதுரம் அப்போ கிழக்கே ஏறியிருக்கும். அது படத்துக்கு நடுவுல வர்ற மாதிரி போனை செங்கல் மேலயோ ஸ்டாண்டுலயோ அசையாம வச்சு, 30 விநாடிப் படமா வரிசையா எடுக்கச் சொல்லுங்க. போன் நேரம் தானியங்கில இருக்கட்டும், நொடி பிசகக் கூடாது. ஒரே எரிநட்சத்திரம் ரெண்டு பேர் படத்துலயும் விழுந்தா, அது 100 கி.மீ. உயரமாவும் 30 டிகிரிலயும் இருந்தா, உங்க படத்துக்கும் என் படத்துக்கும் ஏறக்குறைய 14 டிகிரி நகர்ந்து தெரியணும். அந்தச் சதுரத்தோட ஒரு பக்கம் கிட்டத்தட்ட அவ்வளவு நீளம்தான், அதனால படத்தைப் பார்த்தவுடனே தெரிஞ்சிடும். கணக்கைத் தம்பியே போடட்டும். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற பாகைமானி போதும், அதுக்கு முன்னாடி அந்தச் சதுரத்தை அடையாளம் கண்டுபிடிக்கப் பழகச் சொல்லுங்க. இப்போ சாயங்காலம் இருட்டினதும் தலைக்கு மேல உச்சி வானத்துல நல்லாவே தெரியும்.